கடன் வாங்கி ஆயிரம் பிரதிகள் அச்சிடலாமா?

கேள்வி:

மாதச் சம்பளத்தில் பணிபுரிந்துகொண்டே எழுதி வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் முதல் நாவலை நானே பதிப்பித்தேன். சேமிப்பிலிருந்து பணம் எடுத்து, செம்மையாக்கம், அட்டை, பக்க வடிவமைப்பு எல்லாவற்றையும் முடித்து, 500 பிரதிகள் அச்சிட்டேன். இதுவரை 210 பிரதிகள் விற்றிருக்கின்றன. மீதியில் சில கடைகளிலும் பல என் வீட்டிலும் இருக்கின்றன. மின்னூலிலிருந்து ஒரு சிறு தொகை வருகிறது, ஆனால் எந்த மாதம் எவ்வளவு வரும் என்று சொல்ல முடிவதில்லை. இப்போது அந்த நாவலின் தொடர்ச்சியை எழுதி முடித்துவிட்டேன். 1,000 பிரதிகளாக அச்சிட்டால் ஒரு பிரதியின் அடக்கவிலை நன்றாகக் குறையும் என்று அச்சகத்தார் சொல்கிறார்கள். தனிநபர் கடன் வாங்கி அச்சிட்டு, இணைய விளம்பரமும் செய்தால், முதல் நூலில் விட்டதையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. பணம் கட்டினால் எல்லா வேலைகளையும் தாங்களே செய்து தருவதாக ஒரு நிறுவனமும் அழைக்கிறது. வேலையை விட்டு முழுநேரமும் எழுத வேண்டும் என்பதே என் ஆசை. நான் என்ன செய்வது?

பதில்:

இரண்டாவது நாவலைப் பதிப்பியுங்கள். ஆனால் கடன் வாங்க வேண்டாம், 1,000 பிரதிகளும் வேண்டாம். இரண்டு நாவல்களை எழுதி முடிக்கும் உழைப்பு உங்களிடம் இருக்கிறது, அதைவிட அரிதாக, முதல் நூலின் விற்பனையை மறைக்காமல் சொல்லும் நேர்மையும் இருக்கிறது. ஆகவே, அந்த 210 என்ற எண்ணையே அடிப்படையாக வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

நூலின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாணயமானாலும் விகிதம் மாறாது. 500 பிரதிகள் அச்சிடும்போது ஒரு பிரதியின் அடக்கம் 35 என்றும், 1,000 பிரதிகள் அச்சிடும்போது 28 என்றும் கொள்வோம். கடைக்காரருக்கும் விநியோகிப்பவருக்கும் 40 சதவீதம் கழிவு போனால் ஒரு பிரதிக்கு உங்கள் கைக்கு வருவது 60. 1,000 பிரதிகளுக்கான அச்சுச் செலவு 28,000. அதை மட்டும் மீட்கவே 467 பிரதிகள் விற்க வேண்டும். 500 பிரதிகள் என்றால் செலவு 17,500. 292 பிரதிகள் விற்றால் போதும். முதல் நூலைப் போலவே இதுவும் 210 பிரதிகள் விற்றால், 500 அச்சிட்டவருக்கு 4,900 இழப்பு, 1,000 அச்சிட்டவருக்கு 15,400 இழப்பு. அச்சகத்தார் பொய் சொல்லவில்லை, அவர்கள் அச்சிடும் பிரதிக்கான அடக்கத்தைச் சொல்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியதோ விற்ற பிரதிக்கான அடக்கம். 28,000 செலவில் 210 விற்றால் ஒவ்வொரு விற்ற பிரதியின் மீதும் ஏறக்குறைய 133 ஏறிவிடுகிறது, அதாவது நூலின் விலையைவிடக் கூடுதல். செம்மையாக்கமும் அட்டையும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவே இல்லை.

இது இன்று தோன்றிய சிக்கலும் அல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் முதல் நூல் 1849-இல், அச்சுச் செலவு தம்முடையது என்ற ஒப்பந்தத்தில், 1,000 பிரதிகளாக வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1853-இல், விற்காத 706 பிரதிகளைப் பதிப்பாளர் அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். இடைப்பட்ட ஆண்டுகளில் வேறு வேலை செய்தே அவர் அந்தக் கடனை அடைத்தார். ஆங்கிலேய எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1901 டிசம்பரில் தம் முதல் குழந்தைகள் நூலைச் சொந்தச் செலவில் 250 பிரதிகள் மட்டுமே அச்சிட்டார். அவை தீர்ந்த பிறகுதான் அடுத்த 200 பிரதிகளை அச்சுக்குக் கொடுத்தார். எழுத்தின் தரத்தில் இருவரையும் ஒப்பிட நான் வரவில்லை. வாங்குபவர் யார் என்று தெரிந்துகொண்டு அச்சிடுவதற்கும், தெரியுமுன் அச்சிடுவதற்கும் உள்ள வேறுபாடு எழுத்தாளரின் பெயரையோ புகழையோ பார்ப்பதில்லை.

பாட்டருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. வாசகர் கேட்ட பிறகு அச்சிட்டு அனுப்பும் முறையில் இருப்பு என்பதே கிடையாது. எழுத்தாளர்கள் தாங்களே நூல் வெளியிடும் அமேசானின் கேடிபி தளத்தில் அச்சு நூலுக்கு, விலையில் 60 சதவீதத்திலிருந்து அச்சுச் செலவைக் கழித்து மீதியைத் தருகிறார்கள். 2025 ஜூன் முதல், ஒவ்வொரு சந்தைக்கும் குறித்திருக்கும் வரம்புக்குக் கீழே விலை வைத்தால் 60 என்பது 50 ஆகிவிடும். எனவே, விலையைச் சற்றுக் குறைத்தால் நன்றாக விற்கும் என்று எண்ணி முடிவெடுக்குமுன் இந்த வரம்பைப் பாருங்கள். ஒரு பிரதியின் அச்சுச் செலவு 42 என்றால் உங்களுக்கு நிற்பது 18. கேட்பதற்குச் சிறிய தொகைதான். ஆனால் 210 பிரதிகள் விற்றால் 3,780 வரவாக நிற்கும், ஒரு காசும் முடங்காது. கேட்ட பிறகு அச்சிட்டுக் கடைகளுக்கு விநியோகிக்கும் இன்கிராம்ஸ்பார்க் என்ற தளத்தின் வழியாகக் கொடுப்பதானால், விற்காத பிரதிகளைக் கடைகள் திருப்பலாம் என்ற வசதியை நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது திரும்பி வருபவற்றின் செலவும் உங்கள் கணக்கிலேயே ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் அச்சகத்துக்கே போகக் கூடாதா என்றால், போகலாம், நீங்கள் நேரில் விற்கப்போகும் பிரதிகளுக்கு மட்டும். கூட்டங்களில், நண்பர்கள் வழியாக, உங்களிடமே கேட்டு வாங்குபவர்களுக்கு விற்கும்போது கழிவு இல்லை. முழு 100-ம் உங்களுக்கு வருகிறது. 100 பிரதிகளாக அச்சிட்டு ஒரு பிரதியின் அடக்கம் 45 ஆனாலும், அவை விற்றுத் தீர்ந்தால் 5,500 மீதி. ஆகவே முதல் நூலின் 210 பிரதிகளில் எத்தனையை நீங்களே கையால் விற்றீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைதான் நீங்கள் அச்சிட வேண்டிய அளவு. முன்பதிவு வாங்கி, பணம் வந்த பிறகு அச்சுக்குக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

முதல் நூலில் விட்டதை இரண்டாவது நூலில் எடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான். அந்தப் பணம் செலவாகிவிட்டது. அதை மீட்கும் பொறுப்பை இரண்டாவது நாவலின் தலையில் சுமத்தினால் இந்த நூலுக்குத் தேவையானதைவிடப் பெரிய தொகையை இறக்கத் தோன்றும், அகலக்கால் வைக்க நேரும், கடைசியில் முதலுக்கே மோசமாகும். இரண்டு நூல்களுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். அதே சமயம், மீதமுள்ள 290 பிரதிகளைப் பாரமாக நினைக்காதீர்கள். அவற்றுக்கு இனிமேல் அச்சுச் செலவு இல்லை என்பதால் வரும் தொகை ஏறக்குறைய முழுவதும் வரவே. தொடர்ச்சி வெளிவரும்போது இரண்டையும் சேர்த்துக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். கடைகளில் இருப்பவற்றுக்கு எந்தக் கடையில் எத்தனை, எந்தத் தேதியில் கொடுத்தது என்று ஒரு பட்டியல் எழுதி, மாதத்தில் ஒரு நாள் கேட்டுவிடுங்கள்; ஆறு மாதமாகக் கணக்குத் தராத கடையிலிருந்து பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைக் கேட்பதில் எழுத்தாளர்களுக்கு ஒரு தயக்கம் இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நூலை எழுதியவர் அதற்குரிய பணத்தைக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

விளம்பரத்துக்கும் இதே அளவுகோல்தான். ஒரு பிரதியில் நிற்பது 18. விளம்பரத்தைச் சொடுக்கி வரும் 20 பேரில் ஒருவர் வாங்குகிறார் என்று கொண்டால், ஒரு சொடுக்குக்கு 0.9-க்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் இழக்கிறீர்கள். விற்பனை கூடுகிறது என்ற மகிழ்ச்சியில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் உங்கள் நூல் ஒரு தொடரின் பகுதி என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். இரண்டாம் பாகத்தை விளம்பரப்படுத்தாமல் முதல் பாகத்தை விளம்பரப்படுத்துங்கள். முதல் பாகம் வாங்கியவர்களில் பாதிப்பேர் இரண்டாவதையும் வாங்கினால், ஒரு புதிய வாசகரின் மதிப்பு 18 அல்ல, 27. பாதிப்பேர் வாங்குவார்களா என்பது இரண்டாம் பாகம் வந்து சில மாதங்கள் கழித்தே தெரியும்; அதுவரை இழந்தால் தூக்கம் கெடாத ஒரு தொகையை மட்டும் விளம்பரத்துக்கு ஒதுக்கி, வாரம் ஒரு முறை மட்டும் பாருங்கள். விற்பனைப் பக்கத்தை ஒவ்வோர் இரவும் திறந்து பார்க்கும் பழக்கம் உங்கள் எழுதும் நேரத்தைத் தின்றுவிடும். அந்த நேரமும் உங்கள் மூலதனம்தான்.

மின்னூல் வருவாய் ஏன் பிடிபடாமல் இருக்கிறது என்பதற்குச் சில காரணங்கள் உண்டு. கேடிபியில் 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்த மின்னூலுக்கு 70 சதவீத ராயல்டி கிடைக்கும், அதிலிருந்து கோப்பின் அளவுக்கேற்ப அனுப்பும் கட்டணம் கழியும். அந்த வரம்புக்கு வெளியே விலை வைத்தால் 35 சதவீதம்தான். மின்னூலை அமேசானில் மட்டுமே விற்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால், சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் படிக்கும் பக்கங்களுக்குப் பணம் வரும், ஆனால் அந்தத் தொகை மாதந்தோறும் ஒதுக்கப்படும் பொது நிதியிலிருந்து பிரிக்கப்படுவதால் பக்கத்தின் விலை நிலையாக இருக்காது. மேலும் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது, நீங்கள் நிறுத்தாவிட்டால் அது தானாகப் புதுப்பிக்கப்படும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாதத்தில் விற்றதற்கான பணம் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாட்கள் கழித்தே வருகிறது. கடன் தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். நூல் நன்றாகவே விற்றாலும் முதல் மூன்று தவணைகளை உங்கள் சம்பளத்திலிருந்துதான் கட்டியாக வேண்டும் என்பதால், கடன் உங்கள் நூலுக்கானது என்று பெயரளவில் இருந்தாலும் அதைச் சுமப்பது உங்கள் குடும்பச் செலவுக்கான பணம்.

வரியையும் முன்கூட்டியே பிரித்து வையுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே வாழும் எழுத்தாளரின் அமெரிக்க விற்பனை ராயல்டியில், இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் சலுகை இல்லையென்றால், 30 சதவீதம் அங்கேயே பிடிக்கப்படும். தளத்தில் கேட்கப்படும் வரி விவரங்களைச் சரியாக நிரப்பினால்தான் ஒப்பந்தச் சலுகை கிடைக்கும். நூலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வருவது எல்லாம் அதில் வரவும், செம்மையாக்கம் முதல் தபால் செலவு வரை எல்லாம் அதிலிருந்து போகவும் செய்யுங்கள். ரசீதுகளைத் தேதியிட்டுச் சேர்த்து வைத்தால், எந்தச் செலவைக் கழிக்கலாம் என்று உங்கள் வரி ஆலோசகர் எளிதாகச் சொல்லிவிடுவார்.

எங்கே செலவைக் குறைக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். அச்சிலும் விளம்பரத்திலும் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியைச் செம்மையாக்கத்துக்குக் கொடுங்கள். ஒரு பிரதி விற்றாலும் ஆயிரம் பிரதிகள் விற்றாலும் அந்தச் செலவு மாறுவதில்லை, நூல் விற்பனையில் இருக்கும் ஆண்டுகள் முழுவதும் அதன் பயன் நிற்கும். பிழைகளால் பாதியில் மூடப்பட்ட முதல் பாகம் இரண்டாம் பாகத்துக்கு வாசகரை அனுப்பாது. மேலே சொன்ன 27 மீண்டும் 18 ஆகிவிடும்.

பணம் வாங்கிக்கொண்டு எல்லாம் செய்து தரும் நிறுவனத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களின் வருமானம் வாசகரிடமிருந்து வருகிறதா, உங்களிடமிருந்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள். உங்களிடமிருந்து என்றால், நூல் விற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அப்படியும் போவதென்றால், பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறதா, அட்டை, உள்பக்கக் கோப்புகள் உங்களுக்குத் தரப்படுமா, ஒப்பந்தத்தை எப்படி முடித்துக்கொள்வது என்ற மூன்றும் எழுத்தில் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம்.

வேலை பற்றிய கேள்வியைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அது மேலே உள்ள கணக்குகளைப் பொறுத்தது. நூல் வெளியான மாதத்தின் வருவாயைப் பார்த்து யாரும் வேலையை விடக் கூடாது. அதுதான் பெரும்பாலும் உயர்ந்த மாதமாக இருக்கும். வரியும் செலவும் போக, 24 மாத வருவாயைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் மாதத்தைப் பாருங்கள். அந்தத் தொகை வீட்டின் அத்தியாவசியச் செலவைத் தாங்கி, ஓராண்டுச் செலவுக்கான சேமிப்பும் தனியாக இருந்தால் வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். ஆனால் முழுநேரம் அல்லது ஒன்றுமில்லை என்று நீங்கள் ஏன் நினைக்க வேண்டும்? அந்த நடு மாதத்தின் தொகை உங்கள் மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும்போது, வாரத்தில் ஒரு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் மேலதிகாரியிடம் கேளுங்கள். அந்த ஒரு நாளில் மூன்றாவது நாவலைத் தொடங்கலாம்.