அட்டையைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: மிச்சிகன் மாநிலத்தில் நோவை ஊரில் இருக்கிறேன். வயது 44, இரண்டு பிள்ளைகள். அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடு இருக்கிறார், அவருக்கு 76. 1983இல் டெட்ராய்ட்டுக்கு வேலைக்கு வந்தவர். மறு வருஷமே டைகர்ஸ் அணி உலகத் தொடரை ஜெயிக்க, பேஸ்பால் பைத்தியமாகிவிட்டார். இப்போது எங்களுக்குள் தினமும் சண்டை. டைகர்ஸுக்கு ஆடி ஓய்ந்த மிகேல் கப்ரேரா முதல் வருஷமே ஹால் ஆஃப் ஃபேம் என்கிற பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குப் போவார், போகத் தகுதியானவர் என்கிறார் அப்பா. கடைசி ஏழு வருஷம் அணிக்குப் பாரமாக இருந்துகொண்டு 24.8 கோடி டாலர் ஒப்பந்தத்தைத் தின்று தீர்த்தவர், ‘வார்’ கணக்கைப் பாருங்கள் என்கிறேன் நான். எண்ணைக் காட்டினாலும் ஒப்புக்கொள்வதில்லை. சாப்பாட்டு மேஜையில் குரல் உயர்ந்து மனைவி எழுந்து போகும் அளவுக்கு வந்துவிட்டது. மேட்ச் பார்க்கும்போது யார் அடித்தார், யார் அவுட் என்று கட்டம் கட்டமாகப் பென்சிலால் ஸ்கோர் அட்டை எழுதுவார். அதில் தப்பு வர ஆரம்பித்ததால், சிரமப்பட வேண்டாமென்று போன கோடையோடு நிறுத்தச் சொல்லி ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எங்களில் யார் சொல்வது சரி? அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, அப்பா சொல்வதுதான் சரி. அதை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களிடம் பேச வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிற கூப்பர்ஸ்டவுனுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்கள், பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் தொடர்ந்து பத்து வருஷம் உறுப்பினராக இருந்தவர்கள். சீட்டில் பத்துப் பெயர் வரை குறிக்கலாம். 75 சதவீதம் வந்தால் உள்ளே. அந்தச் சீட்டில் கழித்தல் குறி போட இடமே கிடையாது. ஆட்டத் திறமை, நேர்மை, குணம், அணிக்குச் செய்த பங்கு என்று விதி அடுக்கிக்கொண்டு போகிறது. வாங்கிய சம்பளம் அதில் இல்லை. 2014இல் அந்த ஒப்பந்தத்தை நீட்டியது அணி முதலாளி. கையெழுத்துப் போட்டதற்காக ஆட்டக்காரரைத் திட்டுவது என்ன நியாயம்?

இனி உங்கள் ஏழு வருஷத்துக்கு வருவோம். 2016 முடிவில் கப்ரேராவின் வாழ்நாள் சராசரி, அதாவது பேட் பிடித்ததில் ஹிட் ஆனதன் பங்கு, 0.321. முதுகு போயிற்று, 2018இல் இடது கை பைசெப்ஸ் தசைநார் அறுந்தது, 2023இல் 0.306இல் முடித்தார். சரிவுதான், யார் இல்லை என்றது? ஆனால் 500ஆவது ஹோம் ரன் வந்தது 2021 ஆகஸ்டில், 3,000ஆவது ஹிட் 2022 ஏப்ரலில். இரண்டும் நீங்கள் பாரம் என்கிற காலத்தில்தான். 3,000 ஹிட், 500 ஹோம் ரன் இரண்டையும் தொட்டவர்கள் ஏழே பேர். அவர்களில் சராசரியும் 0.300க்கு மேலே இருப்பவர்கள் ஹாங்க் ஆரோன், வில்லி மேஸ், கப்ரேரா. அந்த மேஸ் 42 வயதில் நியூயார்க் மெட்ஸுக்காக 0.211 அடித்து ஓய்ந்தார். 1979இல் முதல் வாக்கெடுப்பிலேயே 94.7 சதவீதம் கொடுத்தார்கள். மிக்கி மேன்டில் கடைசி வருஷம் 0.237 அடித்து வாழ்நாள் சராசரியையே 0.300க்குக் கீழே இறக்கிக்கொண்டார். அவரும் முதல் வருஷமே போனார்.

சரிவு யாரைக் கெடுக்கும் என்றால், மைல்கல்லைத் தொடுவதற்கு முன்பே சரிந்தவரைக் கெடுக்கும். ஆண்ட்ரூ ஜோன்ஸைப் பாருங்கள். சென்டர் ஃபீல்டில் பந்து தடுப்பதற்கான தங்கக் கையுறை விருது பத்து, 434 ஹோம் ரன்; முப்பதைத் தாண்டியதும் ஆட்டம் இடிந்து 1,933 ஹிட்டோடு நின்றுவிட்டார். 2018இல் அவருக்குக் கிடைத்தது 7.3 சதவீதம். ஒன்பதாவது முயற்சியில், 2026இல்தான் கதவு திறந்தது. கப்ரேராவுக்கு அந்த ஆபத்து இல்லை. அவர் பெயர் சீட்டில் ஏறுவது 2029க்கு.

‘வார்’ என்று ஆரம்பித்தது நீங்கள், அதனால் அதையே எடுத்துக்கொள்ளலாம். மாற்று ஆளாக யாரோ ஒருவரைப் போட்டிருந்தால் கிடைத்திருப்பதைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்பதுதான் அந்தக் கணக்கு. அதில் கப்ரேரா சுமார் 67. 1984இல் ஜெயித்த உங்கள் ஊர் அணியின் இரண்டாம் பேஸ்மேன் லூ விட்டேக்கர் சுமார் 75. விட்டேக்கர் சரியவும் இல்லை. 1995இல், 38 வயதில், 84 ஆட்டத்தில் 0.293, 14 ஹோம் ரன் அடித்துவிட்டு மரியாதையாக விலகினார். 2001 வாக்கெடுப்பில் அவருக்கு விழுந்தது 2.9 சதவீதம். ஐந்துக்குக் கீழே போனால் மறுவருஷம் பெயரே இராது, அவ்வளவுதான். 2019 டிசம்பரில், விட்டுப்போனவர்களைப் பரிசீலிக்கும் 16 பேர் குழு மறுபடி பார்த்தது. 12 வாக்கு வேண்டிய இடத்தில் 6 கிடைத்தது. கடைசிக் காலம்தான் அளவுகோல் என்றால் விட்டேக்கரின் பட்டயம் எப்போதோ சுவரில் ஏறியிருக்கும். 1984 அணியைக் கண்ணால் பார்த்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரை மடக்கப் பட்டியலைத் திறந்த நேரத்தில் இதைக் கேட்டிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அட்டையை நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், பேப்பர்காரனை நிறுத்தியதுபோல. அப்பா அட்டையில் ஒரு தப்பு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? டைகர்ஸ் தோற்றுவிடுமா? நாற்பது வருஷமாக ஒரு மனிதர் தானே கற்று, தன் கையால் எழுதிவந்த ஒன்றை, சிரமம் என்று அவர் சொல்லாமலே, “சிரமப்பட வேண்டாம்” என்று வாங்கி வைத்துவிட்டீர்கள். உங்கள் பிள்ளைகள் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்தால் அதட்டுவீர்கள். அதையே அப்பா மடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். பெற்றவரைப் பார்த்துக்கொள்வது என்றால் அவர் கையில் இருக்கிற வேலையை விட்டுவைப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

தப்பு வந்தது என்றீர்களே, என்ன தப்பு என்று பார்த்தீர்களா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஸ்கோர் அட்டையில் வரும் தப்புகள் எல்லாம் ஒரே ரகம் கிடையாது.

2022இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரி 3 மணி 4 நிமிஷம். 2023இல் பிட்ச் கடிகாரம் வந்ததும் 2 மணி 40 நிமிஷம் ஆனது. பேஸில் ஆள் இல்லையென்றால் பிட்சருக்கு 15 விநாடி. ஆள் இருந்தால் இப்போது 18. அப்பா பழகிய காலத்தில் பேட்ஸ்மேன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் பென்சில் தன் வேலையை முடித்துவிடும். அந்த 24 நிமிஷத்தைத்தான் கடிகாரம் எடுத்துக்கொண்டது. விளம்பரம் முடிந்து டிவி திரும்பும்போது ஆளும் மாறியிருக்கும். 2024 இலையுதிர் காலத்தில் டைகர்ஸ் மேலாளர் ஹின்ச் பிட்சர்களை மாற்றிய வேகத்துக்கு இளவட்டங்களே அட்டையில் திணறியிருப்பார்கள். ஒரே இன்னிங்ஸில் ஒன்பது பேரும் அடித்து வரிசை மறுபடி முதலுக்கு வந்தால், பத்தாவது ஆளை அடுத்த பத்தியில் எழுத வேண்டும். அதை மறந்தால் அதற்குப் பின்னால் வருகிற பத்தி எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். 2020இலிருந்து பத்தாவது இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் சும்மா நிறுத்தப்படும் ஓட்டக்காரருக்குப் பழைய அட்டையில் கட்டமே கிடையாது. இதெல்லாம் வேகமும் கட்டமும் செய்கிற தப்பு. ஞாபகத்தின் மேல் பழி போடாதீர்கள்.

ஆனால் வேறு ரகமும் உண்டு. ஒரு இன்னிங்ஸில் நாலு அவுட். ஒரே பேட்ஸ்மேன் அடுத்தடுத்து இரண்டு முறை. அட்டையில் ஒவ்வொரு தடுப்பு இடத்துக்கும் ஒரு எண் உண்டு; ஷார்ட்ஸ்டாப் 6, இரண்டாம் பேஸ் 4 என்பதே குழம்புவது. ஷார்ட்ஸ்டாப் டிராமல் எடுத்து, விட்டேக்கருக்குக் கொடுத்து, முதல் பேஸுக்குப் போன இரட்டை அவுட்டை 6-4-3 என்று ஆயிரம் தடவை எழுதிய கை அது. அந்த எண்ணிலேயே தடுமாறினால், காட்டிய பிறகும் தப்பு அவருக்குத் தெரியவில்லை என்றால், தாமதிக்கக் கூடாது. எழுத்து கட்டத்துக்குக் கட்டம் சிறுத்துக்கொண்டே போனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பார்க்கின்சன் நோயில் அப்படி ஆவதுண்டு.

ஆகவே இந்த வாரமே பழைய அட்டைகளை எடுங்கள். ஐந்து வருஷம் முந்தையது மூன்று, அவர் கடைசியாக எழுதியது மூன்று, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள்: ஆள் மாறும் இடத்திலா, நடு இன்னிங்ஸிலா. தேதி போட்டு, ஒரே வேலையை ஒரே கை வருஷக்கணக்கில் செய்த பதிவு. எந்த மருத்துவருக்கும் இப்படி ஒன்று லேசில் கிடைக்காது. போன கோடையோடு அதை நிறுத்தியது நீங்கள்தான்.

பிறகு எழுத வையுங்கள். புதிய அட்டையை 11க்கு 17 அங்குலத் தாளில், ஒரு அணிக்கு ஒரு பக்கம், பன்னிரண்டு பத்தியோடு அச்சடித்துக்கொள்ளுங்கள். கடைகளில் கிடைக்கிற கையடக்கப் புத்தகம் வேண்டாம். 0.9 மில்லிமீட்டர் பென்சில், 2பி லெட். அணி வரிசை ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பே வெளியாகிவிடும். பெயர்களை அப்போதே அவர் எழுதி வைத்துவிடட்டும். ஸ்ட்ரீமிங்கில் பார்க்கிறீர்கள் என்றால் ரிமோட் அவர் பக்கம் இருக்கட்டும், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்வார். ரேடியோ இன்னும் நல்லது, ஒவ்வொரு பந்தையும் வாயால் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்து ஓடவிடாதீர்கள். ஸ்ட்ரீமிங் பின்தங்கி வரும், கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்து எல்லாம் குழம்பும். ஆள் மாற்றத்தை மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். லேப்டாப்பை மூடிவிட்டு.

நடுவில் திருத்தாதீர்கள். அட்டைக்குச் சொந்தமாகவே ஒரு தணிக்கை உண்டு. ஒரு அணியில் அடிக்க வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை, அந்த அணி எடுத்த ரன், பேஸில் மிஞ்சி நின்றவர்கள், எதிரணி எடுத்த அவுட் மூன்றையும் கூட்டினால் வரும் எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும். 38 பேர் வந்தார்கள், 4 ரன், 7 பேர் மிச்சம், 27 அவுட், கணக்கு சரி. ஒன்று இடித்தால் எந்தக் கட்டத்தில் என்று இரண்டு பேருமாகத் தேடுங்கள். உங்கள் மூத்த பிள்ளையையும் உட்கார வைத்தால் நல்லது. தாத்தாவிடம் கற்றுக்கொள்ள வீட்டில் வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்?

மருத்துவர் விஷயம். அப்பாவுக்கு மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, இருக்கும். வருஷாந்தர வெல்னஸ் விசிட்டில் ஞாபகத்தைச் சோதிப்பதும் சேர்ந்ததுதான், கேட்டு வாங்குங்கள். அதோடு கண்புரை, காது, தைராய்டு, பி12. சைவச் சாப்பாட்டுக்காரர் என்றாலோ சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் விழுங்குகிறவர் என்றாலோ பி12 குறைவது சகஜம், அது ஞாபகத்தையும் கெடுக்கும், சரிசெய்யவும் முடியும். மேலே சொன்ன ஆறு அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

சாப்பாட்டு மேஜையில் கப்ரேரா பேச்சு வேண்டாம். மனைவி எழுந்து போகிறார் என்று எழுதினீர்கள், பின்னால் போய்ச் சமாதானம் சொன்னதாக எழுதவில்லை, இன்றைக்கே சொல்லுங்கள். அடுத்த ஹோம் ஆட்டத்துக்கு அப்பாவை டைகர்ஸ் மைதானமான கொமெரிகா பார்க்குக்குக் கூட்டிப்போங்கள், பெரிய தாளுக்கு அடியில் வைக்க ஒரு கெட்டி அட்டையோடு. டேப்லெட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.