மூன்றோடு நிற்கும் எண்கள்

அன்புள்ள ஐயா,
தெமியார் மொழியில் மூன்று வரைதான் சொந்த எண்கள், நான்கிலிருந்து மலாய் என்று படித்தேன். அவர்களுக்கு எண்ணவே தெரியாதா? எண்ணைக்கூடக் கடன் வாங்கும் மொழி எத்தனை நாள் தாங்கும்?
- ஒரு வாசகர், ஈப்போ

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது சரி, நீங்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. மலேசியாவின் பேராக், கிளந்தான் மலைக்காடுகளில் வாழும் பூர்வகுடிகளான தெமியார் மக்கள் இரண்டை 'நார்' என்பார்கள். மூன்று தாண்டினால் எம்பாட், லீமா என்று மலாய்தான். ஆனால் எண்ணுவது வேறு, எண்ணுக்குப் பெயர் வைத்திருப்பது வேறு. ஐந்து பிள்ளைகளில் எவன் இன்னும் வீடு திரும்பவில்லை என்று பார்க்க அம்மாவுக்கு 'ஐந்து' என்ற சொல் வேண்டாம், முகங்கள் போதும். பிரம்பையும் பெத்தாய் என்ற காட்டு அவரையையும் கீழே இறக்கி, வெளி ஆளிடம் எடை போட்டுக் காசு வாங்கும்போதுதான் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும். அந்தப் பேச்சு மலாயில் நடக்கும்போது எண்ணும் மலாயில்தானே வரும்? நம் 'கடை' மலாயில் 'கெடாய்' ஆனதும், 'முதல்' 'மொடால்' ஆனதும் அப்படி வியாபாரத்தோடு போய்த்தான்.

இன்னொன்று. தெமியார் மலாய்க்கு உறவு மொழியே இல்லை, கம்போடியாவின் கெமர் மொழிக்குத்தான் தூரத்துச் சொந்தம். அந்தக் கெமரில் முப்பது, நாற்பது என்று தொண்ணூறு வரை பத்துகளின் பெயரெல்லாம் சயாம் மொழி வழியாக வந்தவை, சயாமுக்கோ அவை சீனத்திலிருந்து வந்தவை. அங்கோர் வாட் கட்டியவர்களுக்கு முப்பது வரை எண்ணத் தெரியாது என்று யாராவது சொல்வோமா?

சரி, எண்ணை விடுங்கள். நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு இருக்கின்றன, மலாயிலும் கித்தா, காமி என்று இரண்டுதான். தெமியாரில் நீயும் நானும் மட்டும் என்றால் ஒரு சொல், உன்னை விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் என்றால் வேறு சொல், இரண்டு பேருக்கு மேல் போனால் அதற்கும் தனித்தனியாக இரண்டு. பேசும்போதே ஆளை எண்ணிவிடுகிற மொழி அது! எனக்கு எம்பாட், லீமா பற்றிக் கவலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் மலாய் பேசிவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, அம்மாவிடமும் 'கித்தா' என்று சொல்ல ஆரம்பித்தால் அதுதான் கவலை.

பூர்வகுடிகளுக்கான அஸ்யிக் எஃப்எம் வானொலியில் தெமியாரிலும் பேசுகிறார்கள். ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். எண் வரும் இடத்தில் உங்களுக்குச் சட்டென்று புரியும், அடுத்த வாக்கியத்திலேயே ஒன்றும் புரியாமல் போகும்.