கிட்டார் போன இடத்தில் கிக் வந்தால் போதுமா?

கேள்வி: நாலு பேர் கொண்ட இண்டி ராக் பேண்டில் ஏழு வருடங்களாகப் பாடுகிறேன். பேண்ட் இப்போது ஓய்வில் இருக்கிறது. இந்த இடைவெளியில் தனியாக, எலக்ட்ரானிக் நடன இசையில் நாலு பாட்டு கொண்ட ஒரு இ.பி. கொண்டுவர ஆசை. மூன்று பாட்டை லேப்டாப்பிலேயே முடித்துவிட்டேன். கேட்ட நண்பர்கள், "உங்க பேண்ட் பாட்டுக்கு அடியில டிரம் மெஷின் ஓடுற மாதிரி இருக்கு" என்கிறார்கள். ஒரு டிஜே, "இதை மிக்ஸ் பண்ண முடியாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கே கேட்கிறது, குரல் தாளத்துக்குப் பின்னால் இழுக்கிறது. எங்கே தப்பு? தயாரிப்பாளர் ஒருவரைப் பிடித்துத்தான் ஆக வேண்டுமா? மேடையில் தனியாக எப்படிச் சமாளிப்பது? பேண்ட்காரர்களிடம் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: மூன்று புகாரையும் சேர்த்துப் படித்தால் நடந்தது ஓரளவு புரிகிறது. பேண்டுக்கு எழுதுவது போலவே பாட்டை எழுதி, இரண்டு சரணத்தையும் முழுசாகப் பாடி முடித்து, கடைசியில் டிரம்மர் உட்காரும் இடத்தில் கிக்கை (பெரிய டிரம்மின் 'தொம்' அடியை) வைத்திருக்கிறீர்கள். ராக் பாட்டை முன்னால் தள்ளுவது கிட்டாரின் கார்டு (சுரக்கூட்டு) மாற்றமும் பாடகரின் தொண்டையும். நடன இசையில் அந்த வேலையைச் செய்வது, எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்பதுதான். இடைவிடாமல் பாடிக்கொண்டே இருந்தால் உள்ளே வரவும் வெளியே போகவும் இடமே இருக்காது. ஆகவே பிளக்-இன் (இசை மென்பொருளுக்கான துணைச் செயலி) வாங்குவதற்கு முன்னால் பாடுவதைக் குறையுங்கள்.

எவ்வளவு குறைப்பது? நியூ ஆர்டர் 1983-இல் வெளியிட்ட 'ப்ளூ மண்டே' ஏறக்குறைய ஏழரை நிமிடம் ஓடுகிறது. அதில் குரல் வாய் திறப்பதற்கே இரண்டு நிமிடம் தாண்டிவிடும். ஜாய் டிவிஷன் என்ற கிட்டார் பேண்டில் மிச்சமிருந்தவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் அந்தக் குழு என்பதால், உங்கள் கதைக்கு அதுதான் சரியான மூத்த உதாரணம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இப்போது இருக்கும் வரிகளில் பாதியை அடித்துவிடுங்கள். முதல் சரணத்தில் நாலு வரி, பல்லவியில் இரண்டு வரி, இரண்டாம் சரணம் வேண்டவே வேண்டாம். கதை சொல்லும் வரிகள் போகட்டும். திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்காத வரிகள் நிற்கட்டும்.

அடுத்து, பாட்டை பார் (நாலு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று) கணக்கில் அடுக்குங்கள். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) ஒரு பார் 1.875 விநாடி. 16 பார் என்றால் சரியாக 30 விநாடி, 32 பார் ஒரு நிமிடம். நடன இசையில் பெரிய மாற்றங்கள் 8, 16, 32 என்ற எல்லைகளில்தான் விழும். ஆடுபவர்களின் கால் அதை எண்ணாமலேயே எதிர்பார்க்கும். ராக் பழக்கத்தில் பல்லவிக்கு முன் ஒரு பார் சேர்ப்பது, இடையிசையை 6 பாரில் முடிப்பது எல்லாம் இயல்பாக வந்துவிடும். டிஜேக்கு அங்கேதான் சிக்கல். அவர் அடுத்த பாட்டை 16 பாருக்கு முன்பே ஓடவிட்டிருப்பார், உங்கள் பாட்டு இரண்டு பார் முன்னதாகவே பல்லவிக்குத் தாவிவிடும். அவருக்கென்று தனியாக ஒரு நீண்ட வடிவம் செய்து கொடுங்கள்: முதல் 16 அல்லது 32 பார் டிரம்ஸ் மட்டும், கடைசியிலும் அப்படியே. டெம்போ முதலிலிருந்து கடைசிவரை ஒரே எண்ணாக இருக்கட்டும், முதல் கிக் கோப்பின் தொடக்கத்திலேயே விழட்டும். டெம்போவையும் ஸ்கேலையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

பல்லவியை எங்கே வைப்பது என்பதில்தான் ராக் பாடகர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கிக், பேஸ், சின்த் எல்லாம் ஒன்றாக வெடிக்கும் இடத்தில், அதாவது ட்ராப்பில், பல்லவியை அடித்தொண்டையில் பாடினால் குரலும் தாளமும் மோதி இரண்டுமே சின்னதாகத் தெரியும். பல்லவியைக் கிக்கும் பேஸும் இல்லாத 16 பாருக்குள், பிரேக்டவுனில் வையுங்கள். ட்ராப் வரும்போது அந்தப் பல்லவியிலிருந்து ஒரே ஒரு துண்டு போதும்.

அந்தத் துண்டை இப்படி எடுக்கலாம். பல்லவியின் கடைசிச் சொல்லில் நீளும் உயிரொலியைத் தேர்ந்தெடுங்கள். 'ஆ', 'ஓ' இரண்டும் நன்றாக வரும். 'ஈ' ஸ்பீக்கரில் குத்தும். அலைவடிவம் நடுக்கோட்டைத் தொடும் புள்ளியில் வெட்டி, இரு முனையிலும் 5 மில்லிசெகண்ட் ஃபேட் போடுங்கள். போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று கேட்கும். சாம்ப்ளரில் (ஒலித்துண்டை விசைகளில் வாசிக்கும் கருவி) ஏற்றி, மூல சுருதியிலும், 7 செமிடோன் (அரைச் சுரம்) மேலேயும், ஒரு ஆக்டேவ் மேலேயும் வாசித்துப் பாருங்கள். கிக் விழும் இடத்தில் வைக்காமல் இரண்டு கிக்குக்கு நடுவே வையுங்கள். உங்கள் குரல் அங்கே வாத்தியமாகிவிடும்.

இனி ஸ்கேல். கிட்டார் பேண்டில் எழுதியவர் என்பதால் உங்கள் பாட்டுகள் பெரும்பாலும் இ, டி, ஏ என்று திறந்த தந்திக்கு வசதியான ஸ்கேலில் இருக்கும். ஏ பரவாயில்லை, ஆழ்ந்த பேஸ் 55 ஹெர்ட்ஸில் உட்காரும். இ 41 ஹெர்ட்ஸ், விளிம்பில் நிற்கிறது. டி-தான் தொல்லை. கீழே போனால் 36.7 ஹெர்ட்ஸ், பல ஸ்பீக்கர்களில் காற்று மட்டும்தான் வரும். மேலே ஏறினால் 73.4, நெஞ்சில் அடிக்காது. இரண்டுங்கெட்டான். டி-யில் இருப்பதை 3 செமிடோன் ஏற்றி எஃப்-க்கோ, 5 செமிடோன் இறக்கி ஏ-வுக்கோ கொண்டுபோங்கள். இறக்குவதையே முதலில் முயன்று பாருங்கள். கத்திப் பாடிய பல்லவி தாழ்ந்த குரலில் காதோரம் பேசுவதுபோல் மாறும். இந்த இசைக்கு அதுதான் பொருந்தும். ஸ்கேல் மாற்றிய பிறகு பழைய டேக்கை (பாடிப் பதிந்ததை) கணினியில் நகர்த்தாமல் புதிதாகப் பாடுங்கள். டெம்போவும் அப்படித்தான். 146-இல் பாடிய டேக்கை 124-க்கு இழுத்தால் நீளும் உயிரொலிகள் நடுங்கும். ஒரு விதிவிலக்கு உண்டு: 87 பிபிஎம்மில் பாடிய மெதுவான பாட்டு ஏதாவது இருந்தால், அதற்கு அடியில் 174-இல் டிரம் அண்ட் பேஸ் தாளத்தைப் போடலாம். குரலைத் தொடவே வேண்டாம்.

அடக்கிப் பாடுவது எப்படிப் பொருந்தும் என்பதற்கு ஒரு உதாரணம்: எவரிதிங் பட் த கேர்ல் என்ற இருவர் குழு 1994-இல் 'மிஸ்ஸிங்' பாட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு டாட் டெரி செய்த ரீமிக்ஸ்தான் அதைப் பெரிய வெற்றியாக்கியது. குரல் பழைய பாட்டின் குரலேதான், ட்ரேசி தோர்ன் முதலிலேயே அடக்கமாகப் பாடியிருந்ததால் கீழே ஹவுஸ் தாளம் வந்தபோதும் எதுவும் இடிக்கவில்லை.

குரல் பின்னால் இழுப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், முதலில் இயந்திரத்தைச் சந்தேகியுங்கள். புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடியிருந்தால் சாதாரணமாக 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் வரும். அதைக் கழற்றிவிட்டு வயர் மாட்டுங்கள். பாடும்போது பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலியின் அளவு) 64 அல்லது 128 சாம்பிளில் இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21. பிறகு ஒரு சோதனை: ஆடியோ இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, கிளிக் சத்தத்தை (தாளம் எண்ணும் 'டிக் டிக்') ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவான கிளிக் மூலக் கிளிக்குக்கு எத்தனை மில்லிசெகண்ட் பின்னால் விழுகிறது என்று பெரிதாக்கிப் பார்த்து, அந்த எண்ணை மென்பொருளின் பதிவுத் தாமதத் திருத்தத்தில் இடுங்கள்.

அதற்குப் பிறகும் இழுத்தால் அது பழக்கம். டிரம்மர் உங்களோடு சேர்ந்து மூச்சு விடுவார், அதனால் 20, 30 மில்லிசெகண்ட் பின்னால் பாடுவது பேண்டில் சுகமாகக் கேட்கும். மெஷின் யாருக்காகவும் காத்திருக்காது. முழு டேக்கையும் 10 முதல் 20 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளிக் கேளுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும். மிச்சத்தை சொல் சொல்லாக நகர்த்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். மெய்யெழுத்து அடிக்கு முன்னால் விழ வேண்டும், உயிர் அடியின் மேல் உட்கார வேண்டும். 'ச' என்று தொடங்கும் சொல்லை அதன் தொடக்கத்தைப் பார்த்துக் கிரிட்டில் (திரையில் அடிகளைக் காட்டும் கோடுகளில்) ஒட்டவைத்தால், அந்தச் சீறல் முடிந்து உயிர் வருவதற்குள் அடி கடந்துபோயிருக்கும். ஒட்டவைத்த பிறகும் தாமதமாகவே கேட்பதற்கு இதுதான் காரணம்.

மிக்ஸில் இன்னும் சில. மைக்கிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, குரலை அடக்கிப் பாடுங்கள். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். ஒரே கம்ப்ரசரில் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) 8 டெசிபல் அமுக்குவதைவிட இரண்டில் ஆளுக்கு 3, 4 என்று பிரிப்பது நல்லது. நீண்ட ரிவெர்ப் (அறை முழக்கம்) கிக்கின் இடத்தை அடைத்துக்கொள்ளும். பதிலாக டிலே (எதிரொலி) போடுங்கள். 124 பிபிஎம்மில் 363 மில்லிசெகண்ட், அதாவது முக்கால் அடி, தாளத்தோடு பின்னிக்கொள்ளும். பேஸைக் கிக்கோடு சைட்செயின் செய்து (கிக் விழும்போதெல்லாம் பேஸ் தானாக இறங்கும்படி) 4 முதல் 6 டெசிபல் இறக்குங்கள், ரிலீஸ் (பேஸ் பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்) 120 முதல் 180 மில்லிசெகண்டுக்குள் தொடங்கிக் காதால் திருத்துங்கள். அதைவிட மிகவும் நீளமாக வைத்தால் அடுத்த கிக் வருவதற்குள் பேஸ் முழுசாகத் திரும்பாது, பாட்டு மூச்சுத் திணறும். கிட்டாரை விட மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பார் மட்டும் வெட்டி லூப் செய்து, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே அகற்றிவிட்டு. கிராஷ் சிம்பலை மட்டும் தயவுசெய்து பேண்டிலேயே விட்டுவிடுங்கள். ஹை-ஹாட்டின் இடத்தை அது விழுங்கிவிடும்.

தயாரிப்பாளர் வேண்டுமா? மேலே சொன்னதைச் செய்து பார்த்த பிறகும் டிரம்ஸும் பேஸும் தட்டையாக இருந்தால், ஆம். பிளாக் பார்ட்டி என்ற ராக் பேண்டின் பாடகர் கெலே 2010-இல் தனி ஆல்பம் போட்டபோது, த எக்ஸ்எக்ஸ் என்ற குழுவின் பாடகி ரோமி 2023-இல் போட்டபோது, இருவருமே நடன இசை தெரிந்த தயாரிப்பாளர்களோடுதான் உட்கார்ந்தார்கள். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. உங்கள் லேப்டாப் மிக்ஸை அப்படியே அனுப்பாதீர்கள். குரல் ஒவ்வொன்றையும் எஃபெக்ட் இல்லாமல், எல்லாக் கோப்பும் முதல் பாரிலிருந்தே தொடங்கும்படி, 24 பிட் வேவாக அனுப்புங்கள். கூடவே உங்கள் மனதில் இருக்கும் சாயலுக்கு எஃபெக்ட் போட்ட ஒரு மாதிரி. பங்கைப் பதிவுக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மெட்டும் வரியும் உங்களுடையது, இசைத்தளம் அவருடையது என்றால் பாட்டுரிமையில் பாதிப் பாதி என்பது வழக்கமான தொடக்கம். ரீமிக்ஸ் என்றால் பொதுவாக ஒரு தொகை கொடுத்து முடிப்பார்கள், பாட்டுரிமையில் பங்கு இருக்காது.

மேடைக்கு நாலு வெளியீடு உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். இரண்டில் இசை, ஒன்றில் கிளிக், ஒன்றில் "எட்டு பாரில் பல்லவி" என்று உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும் குறிப்பு. எல்லாவற்றையும் நேரடியாக வாசிக்க முயல வேண்டாம். பிரேக்டவுனின் நீளம், குரல் துண்டு, ஃபில்டர், இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டாலே போதும். வைஃபையை அணையுங்கள், தானியங்கி அப்டேட்டையும் ஸ்லீப்பையும் நிறுத்துங்கள். யூஎஸ்பி கேபிள் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். முழு நிகழ்ச்சியின் ஸ்டீரியோ பதிவு ஒன்று போனில் மிக்ஸரோடு இணைந்து காத்திருக்கட்டும். சப்வூஃபருக்கு முன்னால் நின்று பாடினால் மைக் அதன் முழக்கத்தையே எடுத்து ஊளையிடும். சவுண்ட் செக்கில் மைக்கை 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள்.

பேண்ட்காரர்களிடம் பாட்டு வெளிவருவதற்கு முன்பே நேரில் சொல்லிவிடுங்கள், முதல் அறிவிப்பை அவர்கள் போனில் பார்க்கும்படி விடாதீர்கள். கெலேயின் தனி ஆல்பத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து, 2012-இல், பிளாக் பார்ட்டி அடுத்த ஆல்பத்தோடு திரும்பி வந்தது என்பதையும் சொல்லிப் பாருங்கள். பேசுவதற்கு முன் பேண்டின் லேபிள் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு இடத்தைத் தேடுங்கள். உறுப்பினர்களின் தனிப் பதிவுகளும் லேபிளுக்கே போக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? தனி வெளியீட்டில் பேண்டின் பெயரைப் பயன்படுத்த யாருடைய அனுமதி வேண்டும்? இந்த இரண்டையும் இசை ஒப்பந்தம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் படிக்கட்டும். மூன்று பாட்டில் ஏதாவது ஒன்று பேண்ட் ஒத்திகையில் பிறந்த மெட்டு என்றால், அதை வாசித்தவர்களின் பெயரும் பங்கும் எழுத்தில் வரும்வரை அந்தப் பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மற்ற இரண்டில் வேலையைத் தொடங்குங்கள்.