மாம்பூவா, பழைய கட்டிலின் பச்சைப் பெயிண்ட்டா?

கேள்வி: எனக்கு 59 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. காட்பாடி பக்கம் வசிக்கிறேன். மாசி பிறந்ததிலிருந்து எங்கள் தோட்டத்து மாமரம் பூத்துக் குலுங்குகிறது. குண்டுமல்லியும் மொட்டு வைக்கத் தொடங்கிவிட்டது. அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் அப்பா காலத்துக் கட்டில், ஊஞ்சல் பலகை, இரண்டு நாற்காலி எல்லாவற்றையும் சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வாரமாக விடாத தும்மல், கண் அரிப்பு. மாலையானால் தலைவலி, கிறுகிறுப்பு. போன வாரம் இரண்டு இரவு நெஞ்சில் விசில் சத்தம் கேட்டு எழுந்தேன். சிறு வயதில் இளைப்பு இருந்தது. பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மாம்பூதான் காரணம், மரத்தை வெட்டிவிடுங்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். ஆளுக்கும் சொல்லிவிட்டேன், ஆனால் மனம் கேட்கவில்லை. சித்திரையில் மகள் ஒன்றரை வயதுப் பேரனோடு வருகிறாள். அதற்குள் சரியாகுமா, டாக்டர்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் தும்மலையும் தலைவலியையும் தாண்டி என் மனம் போய் நின்றது ‘ஒன்றரை வயதுப் பேரன்’ என்ற இடத்தில்தான். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் மூச்சைப் பார்ப்போம்.

இரவில் விசில் சத்தத்தோடு எழுந்திருப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. சிறு வயதில் இளைப்பு வந்து மறைந்தவர்களுக்கு ஐம்பது, அறுபது வயதில் அது திரும்பி வருவதுண்டு. தூசியோ நெடியோ பட்டதும் மூச்சுக்குழாய்கள் பழையபடி சுருங்கிக்கொள்கின்றன. இந்த வாரமே மருத்துவரிடம் சென்று, ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இன்ஹேலர் கொடுத்தால் தயங்காதீர்கள். ‘பழகிப்போய்விடும்’ என்ற பேச்சைக் கேட்டு அதை ஒதுக்கிவைத்துவிட்டுத் தவிப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். மருந்து நேராக நுரையீரலுக்கே போவதால் மாத்திரையில் தேவைப்படுவதைவிட மிகக் குறைந்த அளவே போதும். பிபி மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது புரோப்ரனலால், அட்டினலால் போன்ற வகையாக இருந்தால் இளைப்பைக் கூட்டக்கூடும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எந்த நேரமானாலும் 108-க்குப் போன் செய்யுங்கள்.

இனி மாமரம். ஒரு பூங்கொத்தை ஒடித்துக் கையில் வைத்துப் பாருங்கள். மிகச் சின்னப் பூக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சுற்றிலும் ஈயும் சிறு வண்டும் மொய்க்கும். மாம்பூவின் மகரந்தம் பிசுபிசுப்பானது, பெரும்பாலும் பூச்சியின் காலில் ஒட்டிக்கொண்டு போவது. செம்பருத்தி, மல்லிகை எல்லாம் இப்படித்தான். நிறத்தாலும் மணத்தாலும் பூச்சியை அழைக்கிற பூ, மகரந்தத்தைக் காற்றில் வாரி இறைப்பதில்லை. மூக்குக்குத் தொல்லை தருபவை பெரும்பாலும் நாம் பூ என்றே கருதாத பூக்கள்: புல், பார்த்தீனியம், பாலாற்றுப் படுகையிலும் ஏரிக்கரைகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம். மாம்பூ யாருக்குமே ஒவ்வாமை தராது என்று நான் சொல்லவில்லை. அதன் அடர்ந்த வாசனை சிலருக்கு மூக்கை உறுத்தும். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்காக மருந்து அடிப்பார்கள், அந்த நெடியும் இளைப்பைக் கிளப்பும். உங்கள் மரத்துக்கோ பக்கத்துத் தோப்புக்கோ மருந்து அடித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். இந்த மரம் ஒவ்வொரு மாசியிலும் பூத்துக்கொண்டுதானே இருக்கிறது? இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தது சுரண்டலும் பெயிண்ட்டும்தான். எனவே ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து நாள் அந்த வேலையை அடியோடு நிறுத்திவிட்டு, மரச்சாமான்களைக் கொட்டகையில் வைத்து மூடுங்கள். காலையில் வழக்கம்போல் மரத்தடியில் காபியோடு உட்காருங்கள். தும்மலும் அரிப்பும் அடங்கினால் மரத்தின் மேல் பழியில்லை. அடங்காவிட்டால் ஒவ்வாமைக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே இருக்கிறது. மருத்துவர் எழுதித் தருவார். கடையில் நீங்களாக வாங்கும் மூக்கடைப்புச் சொட்டுமருந்தை மட்டும் நாலைந்து நாளுக்கு மேல் போடாதீர்கள், அடைப்பு இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

மாலைத் தலைவலியும் கிறுகிறுப்பும் பெயிண்ட்டில் கலக்கும் தின்னர், டர்பன்டைன் ஆவியால் வருபவை என்றே நினைக்கிறேன். ‘திறந்த வெளியில்தானே செய்கிறேன்’ என்று உங்களுக்குத் தோன்றலாம். கட்டில் சட்டத்தின் மேல் குனிந்து தூரிகையை இழுக்கும்போது உங்கள் மூக்குக்கும் ஈரப் பெயிண்ட்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. தோட்டம் எவ்வளவு பெரிதானாலும் நீங்கள் சுவாசிப்பது அந்த ஒரு முழக் காற்றைத்தான். அதோடு நம் வேலூர் வெயில். பத்து மணிக்கு மேல் தின்னர் வேகமாக ஆவியாகும், பெயிண்ட்டும் மேலே ஏடு கட்டிக் கொப்புளம் விடும். விடிந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் தூரிகையைக் கழுவி வைத்துவிடுங்கள், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரித்தூள் வடிகட்டி வைத்த கவசம் வேண்டும். அதைவிட எளிய வழி, தண்ணீரில் கலக்கும் எனாமலுக்கு மாறிவிடுவது. கடைக்காரர் பளபளப்புக்காக இரண்டு டப்பாவாக வரும் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷைச் சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் நல்ல நுரையீரலுக்கே ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. கையில் ஒட்டிய பெயிண்ட்டைத் தின்னரால் துடைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டால் போதும்.

இப்போது பேரன் விஷயம்.

சுரண்டி விழுந்த சில்லு ஒன்றைப் பொறுக்கி அதன் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே பச்சை, அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் காவி என்று வெங்காயத் தோல்போல அடுக்கு அடுக்காக இருக்கும். வீட்டில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு பூச்சு என்று சேர்ந்தது அது. அந்தக் கால எனாமலில் நிறத்துக்காகவும், சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயம் (காரீயம், ஆங்கிலத்தில் லெட்) சேர்ப்பார்கள். பளீரென்ற மஞ்சளிலும் பச்சையிலும் சிவப்பிலும் அது அதிகம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016-இல்தான். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். உங்கள் அப்பா வாங்கிய கட்டிலின் பழைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு.

பூச்சு பெயராமல் மரத்தோடு ஒட்டி இருக்கும்வரை ஆபத்து குறைவு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியாத தூசியாகி மண்ணிலும் திண்ணையிலும் உங்கள் புடவை மடிப்பிலும் படிகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும், மரத்தைக் கடிக்கும். எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகையின் விளிம்பில் என் தம்பி குழந்தையாக இருந்தபோது கடித்த பல் தடம் இன்னும் இருக்கிறது. ஈயப் பெயிண்ட் லேசாக இனிக்கும் என்பதால் ஒருமுறை கடித்த குழந்தை மறுபடியும் கடிக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால், குழந்தையின் உடல் பாதிவரை ஏற்றுக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடும். காய்ச்சல், வாந்தி என்று எந்த அடையாளமும் காட்டாமல் அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கவனமும் படிப்பும் பின்தங்கும். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பயப்பட வேண்டாம், இன்னும் காலம் இருக்கிறது. உலர்ந்த சுரண்டலை இன்றோடு நிறுத்துங்கள். மீதி வேலைக்கு வாட்டர் பேப்பர் வாங்கி, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரமாகவே தேயுங்கள். அடியில் பெரிய பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, அன்றன்றைக்கு விழுந்ததைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். மெஷின் வைத்துத் தேய்ப்பதோ, தீயால் வாட்டி உரிப்பதோ வேண்டவே வேண்டாம். உரித்த சில்லையும் கழித்த பலகையையும் வெந்நீர் அடுப்பில் போடுவது நம் பக்கத்து வழக்கம். அதைச் செய்யாதீர்கள், ஈயம் புகையாகிவிடும், சாம்பலிலும் தங்கும். தனிப் பையில் கட்டி, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

ஏற்கெனவே இரண்டு வாரமாக விழுந்திருப்பதை என்ன செய்வது? திண்ணையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். மரத்தடியில் வேலை செய்த இடத்தில் மேல்மண்ணை நனைத்து ஒரு சாண் ஆழத்துக்கு வாரி எடுத்துவிட்டு, புது மண் கொட்டுங்கள். அருகில் கீரைப் பாத்தி இருந்தால் இந்த முறை கீரை பறிக்க வேண்டாம். வேலை செய்த உடையைத் தனியாகத் துவையுங்கள், தலைக்குக் குளித்துவிட்டுச் சமையலறைக்குப் போங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் ரத்தத்திலும் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பேரன் வந்தபின் எதையாவது கடித்துவிட்டான் என்று சந்தேகம் வந்தால், வெளியே தெரியும் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அவனுக்கும் அதே சோதனை செய்யலாம்.

புதுப் பூச்சுக்கு வாங்கும் டப்பாவில் ஈய அளவு பற்றிய வரி இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். பங்குனி பாதிக்குள் கடைசிப் பூச்சு அடித்துவிட்டால், நெடி அடங்க இரண்டு மூன்று வாரம் கிடைக்கும். அதுவரை கட்டில் படுக்கையறைக்குள் போக வேண்டாம். ஊஞ்சல் பலகை குழந்தையின் வாய்க்கு எட்டுவது. அதை மட்டும் வெறும் மரம் தெரியும்வரை ஈரத்தில் தேய்த்துக் கழுவி, பெயிண்ட் அடிக்காமல் அப்படியே மாட்டிவிடலாம்.

மரம் வெட்ட நீங்கள் வரச் சொல்லியிருக்கும் ஆளுக்கு இன்றே போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மகளும் பேரனும் வரும்போது பிஞ்சு பிடித்திருக்கும்.