ஹோம் தியேட்டரில் ஒரு படத்தின் பேஸும் (தாழ்ந்த ஒலி) சரவுண்டும் (சுற்றிலுமிருந்து வரும் ஒலி) நன்றாக இருக்கிறதா என்று எப்படி மதிப்பிடுவது? பலர் பத்துக்குப் பத்து தரும் படம் என் வீட்டில் சப்பென்று இருக்கிறதே, ஏன்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். பெரும்பாலும் குற்றவாளி படம் இல்லை, உங்கள் அறை. அல்லது அறைக்குள் நீங்கள் உட்காரும் இடம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர். அதில் பாதி, அதாவது 4.3 மீட்டர் நீளமுள்ள அறையில் அந்த ஒலி இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்கி நின்றுவிடும். சுவரோரம் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்; நட்டநடுவே சோபா போட்டவருக்குக் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். இருவருக்கும் படமும் சப்வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) ஒன்றேதான். ஒருவர் பத்து போடுவார், இன்னொருவர் நாலு போடுவார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

அதனால்தான் புதுப் படத்துக்கு மார்க் போடுவதற்கு முன்னால், நன்றாகப் பழகிய இரண்டு மூன்று காட்சிகளை அதே இருக்கையில், அதே வால்யூமில் ஓடவிட்டுக் கேட்டுக்கொள்வேன். வால்யூமை லேசாக நினைக்க வேண்டாம். தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தம். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க வசனத்தை முந்திக்கொண்டு பேஸ் மறைந்துவிடும். படத்தின் ஒலிகளைக் கலந்து மிக்ஸ் செய்யும் இடத்தில் ரெஃபரன்ஸ் அளவு என்று ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகலாம், எல்எஃப்இ எனப்படும் தனி பேஸ் சேனல் 115 வரை. வீட்டில் அந்த அளவில் கேட்பவர்கள் அபூர்வம். பத்து பதினைந்து டெசிபல் குறைத்துக் கேட்டுவிட்டு 'பேஸ் இல்லாத படம்' என்று தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. உரத்த ஒலிகளைத் தணிக்கும் நைட் மோடு ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு மதிப்பீடே வேண்டாம், படத்தை மட்டும் பாருங்கள்.

இப்போது பேஸ். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எத்தனை விதமாக இருக்கிறது என்றுதான் நான் கேட்பேன். ஒரு குண்டுவெடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மிக்ஸில் முதலில் முன் ஸ்பீக்கர்களிலிருந்து 'படார்' என்று ஒரு வெட்டு வரும். அதோடு ஒட்டி 50 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குத்து, நெஞ்சில் விழுவது அதுதான். பிறகு 30-க்குக் கீழே ஓர் உறுமல் சோபாவுக்கு அடியில் உருண்டு மெல்ல அடங்கும். அது அடங்கும்போதே பின்னால் கல்லும் மண்ணும் சிதறி விழுவது கேட்கும். மோசமான மிக்ஸில் இந்த அடுக்கு எதுவும் இருக்காது. குண்டு வெடித்தாலும் டொம், கதவைச் சாத்தினாலும் டொம், கதாநாயகன் நடந்து வந்தாலும் அதே 45 ஹெர்ட்ஸ் டொம். முதல் பத்து நிமிடம் மிரட்டும், அரை மணியில் சலித்துவிடும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததைப் பெருமையாக எழுதுகிறார்கள். ஜன்னல் தளர்ந்திருக்கிறது என்பதற்குத்தான் அது சான்று.

பேஸ் எங்கே இல்லை என்பதையும் கவனியுங்கள். அடிக்கு முன்னால் ஒரு நொடி அமைதி விட்டால் அந்த அடி இரண்டு மடங்காகத் தெரியும். பின்னணி இசை ஓயாமல் 40 ஹெர்ட்ஸில் முனகிக்கொண்டே இருந்தால், வெடிக்கும்போது ஏறுவதற்கு இடமே மிச்சமிருக்காது.

இன்னொரு தவறான தீர்ப்பும் அடிக்கடி கண்ணில் படுகிறது: எல்எஃப்இ சேனலை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்பது. தனி பேஸ் சேனல் என்ற யோசனை 1970-களின் 70 எம்எம் பிரிண்டுகளில் வந்ததே வெடிச் சத்தம் போன்றவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுக்கத்தான். படத்தின் மொத்த பேஸும் அதற்குள்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. முன் சேனல்களிலும் சரவுண்டிலும்கூட ஆழமான ஒலி இருக்கும். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்தனுப்பும் ரிசீவரில் கிராஸ்ஓவர், அதாவது பேஸைப் பிரிக்கும் எல்லை, 80 ஹெர்ட்ஸில் இருந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்குத்தான் வந்து சேரும்.

உங்கள் சப்வூஃபர் எதுவரை இறங்கும் என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 40-இல் தருகிற அதே சத்தத்தை 20-இல் தர, அது நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். சிறிய பெட்டி 30 பக்கத்திலேயே கைவிரித்துவிடும். சில படங்களில் 30-க்குக் கீழே மிக்ஸிலேயே வெட்டிவிடுகிறார்கள். உங்கள் சப் அங்கே போகாதென்றால் வெட்டினார்களா இல்லையா என்று உங்களால் சொல்ல முடியாது. அந்தப் பகுதிக்கு மார்க் போடாமல் விட்டுவிடலாம்.

சரவுண்டுக்கு நான் செய்யும் சோதனை கொஞ்சம் முரட்டுத்தனமானது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு முன் ஸ்பீக்கர், சென்டர் (நடு) ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றி, மறுபடி இயக்கி, சரவுண்டை மட்டும் கேட்பேன். மெனுவில் போய் 'ஸ்பீக்கர் இல்லை' என்று வைக்காதீர்கள். ரிசீவர் அந்த ஒலியை மற்ற ஸ்பீக்கர்களுக்குத் திருப்பிவிடும், சோதனை கெட்டுவிடும். இப்படிக் கேட்டால் உழைப்பும் சோம்பலும் உடனே தெரிந்துவிடும். பாடல்களின் எதிரொலி மட்டும் வந்துகொண்டிருந்தால் பெயருக்குச் சரவுண்ட். மழைக் காட்சியில் பாத்திரம் வீட்டுக்குள் நுழைந்ததும் பின்னால் மழையின் தொனி மாறுகிறதா, கேமரா திரும்பும்போது சாலையின் இரைச்சலும் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். 2013-இல் வந்த 'கிராவிட்டி' படத்தில் வசனத்தையே சென்டரில் கட்டிப்போடாமல் கேமராவோடு சேர்த்து அறையைச் சுற்றவிட்டிருப்பார்கள். எல்லாப் படத்துக்கும் அது பொருந்தாது, அங்கே கதை கேட்டது. ஒலி வந்த திசைக்குத் தலையைத் திருப்பிவிட்டு 'ஓ, ஸ்பீக்கரா' என்று நினைத்தால் அந்த இடம் தோற்றுவிட்டது. என் கணக்கில் அது பாராட்டு அல்ல.

தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் முறையின் சின்னத்தை நம்பி மார்க் ஏற்ற வேண்டாம். அதில் பெட் என்னும் நிலையான பகுதியில் தலைக்கு மேலே இரண்டே சேனல்கள்தான். கூரையில் நான்கு ஸ்பீக்கர் வைத்திருந்தாலும் அந்த ஒலி முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் வரும். தலைக்கு மேல் ஒன்று முன்னிருந்து பின்னாகப் போக வேண்டுமென்றால் அதை ஆப்ஜெக்டாக, அதாவது இடம் மாற்றக்கூடிய தனி ஒலியாக, வைத்திருக்க வேண்டும். மேல் ஸ்பீக்கர்களை மட்டும் தனியாகக் கேட்டால் எது எது என்று புரிந்துவிடும்.

டிஸ்கா ஸ்ட்ரீமிங்கா என்றால், டிஸ்கில் இழப்பில்லாத ஒலி கிடைக்கும், ஸ்ட்ரீமிங்கில் அட்மாஸ் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. ஆனால் கேட்கும் வித்தியாசத்தில் பாதி, இரண்டும் வெவ்வேறு சத்த அளவில் ஓடுவதால் வருவது. சத்தம் கூடுதலாக இருப்பதே காதுக்கு நன்றாகப் படும். வசனம் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.