வழிகாட்டி கிடைத்தார், வேலை கிடைக்கவில்லை

கேள்வி: மொறட்டுவையில் படித்து, எட்டு வருடங்களாகக் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பொறியியலாளராக இருக்கிறேன். பிரசவ விடுமுறை முடிந்து திரும்பியபோது மென்பொருளில் நான் பார்த்துவந்த பகுதி இன்னொருவர் கைக்குப் போயிருந்தது. இப்போது வாடிக்கையாளர் அறிவிக்கும் பிழைகளைத் திருத்துவதும் பரிசோதிப்பதும்தான் என் வேலை. பெண்களுக்கான வழிகாட்டல் திட்டத்தில் ஒரு மூத்த முகாமையாளரிடம் என்னை ஒப்படைத்திருக்கிறார்கள். ஏழு மாதங்களாக மாதம் ஒரு மணித்தியாலம் சந்திக்கிறோம். மரியாதையான மனிதர், "கூட்டங்களில் துணிந்து பேசுங்கள்" என்பார். எனக்குப் பின் சேர்ந்த இரு ஆண்களுக்குப் பதவியுயர்வு வந்துவிட்டது. குறை என்னிடமா? பெண் வழிகாட்டி ஒருவரைக் கேட்டு வாங்கலாமா? இரண்டாவது குழந்தை பற்றிய எண்ணம் இருக்கிறது. அதை இவரிடம் சொல்ல வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஏழு மாதச் சந்திப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் இப்போது உங்கள் மேசையில் என்ன வேலை இருக்கிறது என்று அவர் ஒரு முறையாவது கேட்டதாக எங்கும் இல்லை. பேச்சும் துணிவுமாக எல்லாம் உங்கள் சுபாவத்தைச் சுற்றியே நடந்திருக்கின்றன. திருத்தப்பட வேண்டியவர் நீங்கள்தான் என்று அவர் நினைத்துவிட்டார். மெல்ல மெல்ல நீங்களும் அப்படியே நம்பத் தொடங்கிவிட்டீர்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிழை திருத்துவது தாழ்ந்த வேலை அல்ல, ஆனால் பதவியுயர்வைத் தீர்மானிக்கிறவர்கள், இவர் எதை வடிவமைத்தார், எதைப் பொறுப்பேற்று முடித்தார் என்றுதான் பார்ப்பார்கள். ஒழுகிய இடத்தை அடைத்தவரின் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. வார விடுமுறையும் போயா தினமும் கணக்கில் சேராத 84 நாட்களைச் சட்டம் உங்களுக்குத் தந்தது. அந்த நாட்களில் உங்கள் பகுதி யார் கைக்குப் போனது, திரும்பி வந்ததும் அது உங்களிடம் வந்ததா என்பதைக் கேட்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் இந்த வழிகாட்டிதான்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லுகிறேன். குடிநீர்த் திட்டங்களில் இளம் பொறியியலாளராக இருந்த காலத்தில், கூட்டக் குறிப்பு எழுதுவது எப்போதும் என் வேலையாகவே இருந்தது. "மிஸ்ஸின் கையெழுத்து அழகு" என்பார்கள். நாலு வருடங்கள் அழகாக எழுதினேன். கையெழுத்தைக் கிறுக்கலாக்கிப் பார்த்தால் என்ன என்றுகூட யோசித்ததுண்டு. அங்கே முகம் கொடுத்துப் பேசாத ஒரு சிங்கள மேலதிகாரி இருந்தார். எனக்கு ஒரு நாளும் புத்திமதி சொன்னதில்லை. ஒரு கூட்டத்தில் என் முன்னாலிருந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்திலிருந்த இளைஞரின் முன்னே தள்ளிவிட்டு, பம்பு நிலையக் கணக்கை நான்தான் விளக்குவேன் என்று அறிவித்துவிட்டார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த பம்பு நிலையம் வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

பளிங்குகளின் (படிகங்களின்) உள்ளமைப்பை ஆராய்வதில் பெயர் பெற்ற விஞ்ஞானி கத்லீன் லொன்ஸ்டேலைப் பற்றி வாசித்திருப்பீர்களோ தெரியாது. பென்சீன் என்ற இரசாயனப் பொருளின் அணுக்கள் அமைக்கும் வளையம் தட்டையானது என்பதை 1929இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு காட்டியவர். குழந்தைகள் பிறந்த பின் வீட்டிலிருந்தே கணக்குகள் போட்டுக்கொண்டிருந்த அவரை மீண்டும் ஆய்வுகூடத்துக்கு வரவழைக்க விரும்பிய மூத்த விஞ்ஞானி வில்லியம் ஹென்றி பிராக், மன உறுதியைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளப் பணம் தேடிக்கொடுத்தார். 1945இல் லண்டன் ரோயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கம் முதன்முதலாகப் பெண்களை அங்கத்தவராக்கியபோது, தெரிவான இருவரில் லொன்ஸ்டேலும் ஒருவர்.

ஆகவே அடுத்த சந்திப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு தாளை எடுத்து, கடந்த ஆறு மாதத்தில் உங்கள் குழுவில் புதிதாக வடிவமைக்கப்பட்டவை யாருக்குப் போயின, பராமரிப்பு வேலைகள் யாருக்கு வந்தன என்று இரண்டு நிரல்களில் எழுதுங்கள். குறை சொல்லாமல், குரலை உயர்த்தாமல், அந்தத் தாளை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: அடுத்த காலாண்டில் தொடங்கவிருக்கும் இன்ன பகுதியின் வடிவமைப்பை எனக்குத் தரும்படி திட்டத் தலைவரிடம் நீங்கள் பேசுவீர்களா? "எனக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் நல்ல மனிதர்கள் நல்ல வார்த்தைதான் தருவார்கள்.

துணிந்து பேசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கி, முடிவெடுக்கும் கட்டத்தில் சிங்களத்துக்கு மாறிவிடும் அலுவலகங்கள் கொழும்பில் ஏராளம். பகிடியும் முடிவும் ஒரே மூச்சில் நடந்து முடிந்திருக்கும். உங்கள் மௌனத்தில் பாதி அங்கேதான் உருவாகிறது என்றால் அதையும் அவரிடம் சொல்லி, முடிவுகளை அன்றைக்கே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தித் தரும்படி கேளுங்கள். கூடவே சிங்களத்தையும் தேற்றிக்கொள்ளுங்கள். இது நியாயமா என்று விவாதிக்கலாம், ஆனால் பலன் உண்டு.

பெண் வழிகாட்டி வேண்டுமா என்றால், இவரை விட்டுவிட்டு வேண்டாம் என்பேன். 1960களில் இலங்கையின் முதல் பெண் பொறியியலாளரான பிரேமளா சிவசேகரத்துக்கு முன்னே போன பெண் என்று ஒருவருமே இல்லை. இன்று இருக்கிறார்கள், ஆனால் உயர்பதவியில் இருக்கும் அந்தச் சிலரின் மேசையில் உங்களைப் போன்ற இருபது பேரின் கோரிக்கைகள் குவிந்திருக்கும். பாலூட்டும் தாய் இரவு எட்டு மணி அழைப்பை எப்படிச் சமாளித்தாள் என்பதை அறிய, உங்களுக்கு நாலைந்து வருடம் முன்னே நடக்கிற ஒருத்தி போதும். மின், இலத்திரனியல் பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ ட்ரிபிள் ஈயின் (IEEE) இலங்கைப் பிரிவில் பொறியியல்துறைப் பெண்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அங்கே தேடிப் பாருங்கள். உங்களுக்காக அறைக்குள்ளே பேசக்கூடிய அதிகாரம் இப்போது இந்த மனிதரிடம் இருப்பதால் அவரை விடாதீர்கள். இரண்டு சந்திப்பு கழிந்தும் அவர் யாரிடமும் பேசவில்லை என்றால், மனிதவளப் பிரிவிடம் வேறொருவரைக் கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

இரண்டாவது குழந்தையைப் பற்றி இப்போது அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணம் காதில் விழுந்தால், உங்கள் நன்மைக்கு என்று நினைத்தே புதிய பகுதியை அவர் வேறொருவருக்குச் சிபாரிசு செய்துவிடக்கூடும். முதலில் வேலையை வாங்குங்கள். விடுமுறைக்கான நாள் வரும்போது, அந்தப் பகுதியைத் தற்காலிகமாக யார் பார்ப்பார், எந்தத் திகதியில் அது உங்களிடம் திரும்பும் என்பதை, போகும் முன்னரே மின்னஞ்சலில் எழுதி, திட்டத் தலைவரின் பதிலையும் பெற்றுக்கொண்டு போங்கள்.