எறிபொருள் கணக்குகளில் சூத்திரம் எல்லாம் தெரிந்தும் விடை வருவதில்லை. வெக்டர், ஸ்கேலர் பாடம் இதற்கு எப்படி உதவும்?

பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் (எறிந்த இடத்திலிருந்து விழும் இடம்வரை உள்ள தூரம்) என்று மூன்று சூத்திரங்களை உருப்போட்டுவிட்டு, எந்தக் கணக்கு வந்தாலும் அதில் ஒன்றைப் பொருத்தப் பார்க்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இந்தப் பாடத்தை நடத்தும்போது அந்த மூன்றையும் நான் கடைசியில்தான் பலகையில் எழுதுவேன். முதலில் வெக்டர்.

"அளவு மட்டும் இருந்தால் ஸ்கேலர், திசையும் இருந்தால் வெக்டர்" என்பது தப்பில்லை, ஆனால் போதாது. மின்னோட்டத்துக்கும் திசை சொல்கிறோம். ஆனாலும் அது ஸ்கேலர்தான். இரண்டு கம்பிகள் எந்தக் கோணத்தில் வந்து ஒரு சந்தியில் சேர்ந்தாலும், உள்ளே வரும் 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் சேர்ந்து 7 ஆம்பியர்தான். இடப்பெயர்ச்சி அப்படியில்லை. 3 மீட்டரும் 4 மீட்டரும் ஒரே திசையில் என்றால் 7, எதிரெதிர் திசையில் 1, ஒன்றுக்கொன்று செங்குத்தாக 5. திசையையும் கணக்கில் எடுத்துக் கூட்டுகிறோமே, அதுதான் வெக்டரின் அடையாளம். அப்படிக் கூட்ட முடிவதால்தான் ஒரு வெக்டரைச் செங்குத்தான இரண்டு கூறுகளாகப் பிரிக்கவும் முடிகிறது. எறிபொருள் பாடம் முழுக்க இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது.

ஒரு பந்தை 25 மீ/வி வேகத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் எறிகிறோம். அந்தக் கோணத்துக்குக் கொசைன் 0.8, சைன் 0.6. ஆகவே கிடைக்கூறு 20 மீ/வி, செங்குத்துக்கூறு 15 மீ/வி. (எதற்குச் சைன், எதற்குக் கொசைன் என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம். கோணத்தைக் கிடைக்கோட்டிலிருந்து தராமல் செங்குத்திலிருந்து தந்தால் இரண்டும் இடம் மாறிவிடும். முக்கோணம் வரைந்து, கோணத்தை ஒட்டிய பக்கத்துக்குக் கொசைன் போடுங்கள்.)

இப்போது தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கிடை இயக்கம்: காற்றுத்தடை இல்லை என்று கொண்டால் அந்தத் திசையில் விசையே கிடையாது, எனவே 20 கடைசிவரை 20தான். வலப்பக்கம் செங்குத்து இயக்கம்: புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், வேகம் ஒவ்வொரு வினாடியும் 10 குறையும். 15, 5, -5, -15 (கழித்தல் குறி என்றால் கீழ்நோக்கி). இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது நேரம் ஒன்றுதான். அது ஸ்கேலர், அதற்குக் கூறு கிடையாது. அதனால்தான் வலப்பக்கத்தில் கண்டுபிடித்த நேரத்தை அப்படியே இடப்பக்கத்தில் போட முடிகிறது.

மேலே போக 1.5 வினாடி, திரும்பி வர இன்னொரு 1.5. மொத்தம் 3 வினாடியில் 60 மீட்டர். சூத்திரம் எங்கேயும் தேவைப்படவில்லை.

உச்சியில் வேகம் பூஜ்ஜியமா என்ற கேள்வியும் இதிலேயே தீர்ந்துவிடும். செங்குத்துக்கூறு மட்டும்தான் பூஜ்ஜியம். பந்து அப்போதும் 20 மீ/வி வேகத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. முடுக்கமோ, அந்தக் கணத்திலும் அதே 10, கீழ்நோக்கி.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. பறக்கும் நேரம் செங்குத்துக்கூறைப் பொறுத்தது, தூரம் அந்த நேரத்தையும் கிடைக்கூறையும் பொறுத்தது. ஆக, நெடுக்கம் இரண்டு கூறுகளின் பெருக்கலுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 20, 15 என்பதை 15, 20 என்று மாற்றுங்கள். பந்து இன்னும் உயரமாகப் போய் 4 வினாடி பறக்கும். ஆனால் விழுவது அதே 60 மீட்டரில்தான். 37 டிகிரியும் 53 டிகிரியும் ஒரே நெடுக்கம் தருவதன் காரணம் இவ்வளவுதான். எறியும் வேகத்தை மாற்றாமல் அந்தப் பெருக்கலைப் பெரிதாக்க வேண்டுமென்றால் இரண்டு கூறுகளும் சமமாக இருக்க வேண்டும், அதாவது 45 டிகிரி. அப்போது 62.5 மீட்டர். 45 டிகிரிக்கு மேலும் கீழும் சம அளவு விலகிய கோணங்களுக்கு நெடுக்கம் ஒன்றே என்பதைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த நூலிலேயே காட்டிவிட்டார்.

இனி அதே பந்தை 20 மீட்டர் உயரமுள்ள குன்றின் விளிம்பிலிருந்து எறியுங்கள். உருப்போட்ட நெடுக்கச் சூத்திரம் இப்போதும் 60 என்றுதான் சொல்லும். அது தப்பு, ஏனென்றால் எறிந்த மட்டத்துக்கே திரும்பி வரும் பந்துக்கு மட்டும்தான் அந்தச் சூத்திரம். கோடு போட்ட தாளுக்கு இந்தத் தொல்லை இல்லை. செங்குத்து இடப்பெயர்ச்சி -20. அதை 15 பெருக்கல் நேரம், கழித்தல் 5 பெருக்கல் நேரத்தின் வர்க்கம் என்பதற்குச் சமப்படுத்தினால் நேரம் 4 அல்லது -1 என்று வரும். 4-ஐ எடுத்து 20-ஆல் பெருக்கினால் 80 மீட்டர்.

அந்த -1-ஐ அடித்துவிட்டுப் போவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள், அதற்கும் பொருள் உண்டு. இதே பரவளையப் பாதையைப் பின்னோக்கி நீட்டினால், எறிந்த கணத்துக்கு 1 வினாடி முன்பு பந்து குன்றின் அடிமட்டத்தில், விளிம்புக்கு 20 மீட்டர் பின்னால் இருந்திருக்கும். அங்கிருந்து அது என்ன வேகத்தில் கிளம்பியிருக்க வேண்டும் என்று நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள்: கிடைக்கூறு 20, செங்குத்துக்கூறு 25 என்று வந்தால் சரி.